பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

நம் சபையில் சாட்சி சொல்ல முன்னால் வருகிறவர்கள் பெரும்பாலும் சிரித்த முகத்தோடு வருவார்கள். எனக்கு அப்படி வரத் தெரியவில்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உதவி வந்த வழியை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. நன்றியை மட்டும் எழுதிக் கொடு, மற்றது வேண்டாம் என்று சபைப் பத்திரிகைக் குழுவில் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் வரும், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். போடுகிறோம் என்றார்கள்.

என்னை உங்களுக்குப் பேபி என்று தெரியும். ரயில்வே வேகன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாலமோனின் இளைய மகள். ஞாயிறுதோறும் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவாரே, அவர்தான் என் அப்பா. இருபத்தொன்பது வயதாகியும் சபையில் நான் பேபிதான். சான்றிதழில் என் பெயர் வசந்தி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உங்களில் பாதிப் பேர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. ஏரித் தண்ணீரில் கலந்து கிடக்கும் மருந்துக் கழிவைப் பற்றியது என் ஆய்வு. ஐந்து வருடம் பாட்டில் பாட்டிலாக நாற்றத் தண்ணீரைச் சுமந்திருக்கிறேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தபோதுதான் இந்தத் துன்பம் ஆரம்பித்தது.

போன வருடம் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஃபெலோஷிப் நின்றுபோனது. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் மாதாமாதம் தரும் உதவித்தொகை அது. அதில்தான் நான் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொண்டு, செமஸ்டர் கட்டணத்தையும் கட்டி வந்தேன். ஏன் நின்றது என்று கேட்டால் தணிக்கை என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால் வரும் என்றார்கள். அடுத்த மாதமே கட்டண நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தது. கல்விக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், நூலகக் கட்டணம். நாள் தாண்டினால் அபராதம். தொடர்ந்து இரண்டு செமஸ்டர் கட்டாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும்.

அவர்கள் எனக்குத் தர வேண்டியது, நான் அவர்களுக்குத் தர வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் பணத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டே, ஏன் இன்னும் கட்டவில்லை என்று என்னிடம் அபராதம் கேட்டது அந்த இடம்.

கவுன்ட்டரில் போய்ச் சொன்னேன். ஃபெலோஷிப் பில்லில் கையெழுத்து வேண்டுமானால் கட்டண பாக்கி இல்லை என்று சான்று கொண்டு வா என்றார்கள். அந்தச் சான்று வேண்டுமானால் கட்டணம் கட்டு என்றார்கள். கட்டணம் கட்ட ஃபெலோஷிப் வர வேண்டும் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் கெட்டவரில்லை. "நக்கோ மேடம், சிஸ்டம் நை லேத்தா" என்று, சிஸ்டம் எடுக்கவில்லை என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லி, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாததை மனிதர் எப்படி ஏற்றுக்கொள்வது?

மாதாப்பூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் கைநிறையச் சம்பளம் வாங்கும் பள்ளித் தோழி ஒருத்தி, வங்கியில் கல்விக் கடன் வாங்கேன் என்று சுலபமாகச் சொன்னாள். வங்கியில், நீ அங்கே படிப்பதற்குச் சான்று கொண்டு வா என்றார்கள். பாக்கி உள்ளவர்களுக்கு அந்தச் சான்றையும் பல்கலைக்கழகம் தருவதில்லை. அப்பாவின் பென்ஷன், உப்பலில் நாங்கள் இருக்கும் வீட்டின் வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும் சரியாகப் போகும். ஏ.எஸ்.ராவ் நகரில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அது அபராதத்துக்குக்கூடப் போதவில்லை.

ஆகஸ்டில் என்னைப் போல மாட்டிக்கொண்ட மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனு கொடுத்தோம். கட்டணத்தை எங்கள் ஃபெலோஷிப் பாக்கியிலேயே கழித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைத் தாருங்கள், அபராதம் போடாதீர்கள். இவ்வளவுதான் மனு. அதை எழுதியவள் ஸ்வப்னா. ஆதிலாபாத் பக்கத்துப் பெண், என் ஆய்வகத்தில் பக்கத்து மேஜை, என்னை அக்கா என்பாள். விவசாயக் கூலி வீட்டிலிருந்து முனைவர் பட்டம் வரை வந்தவள். ஹாஸ்டல் கட்டணமும் சேர்ந்ததால் அவளுக்கு எங்களைவிட ஒரு செமஸ்டர் முன்னதாகவே பாக்கி விழுந்திருந்தது. மனு நிதிப் பிரிவுக்குப் போயிற்று. போனது போனதுதான். உள்ளே எந்த மேஜையில் இருக்கிறது என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை. மாணவர்கள் கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்பது அங்கே விதி.

அந்த மாதங்களில் நான் ஜெபித்த மாதிரி வாழ்க்கையில் ஜெபித்ததில்லை. வார்த்தை வராது, அழுகைதான் வரும். ஒரு கட்டத்தில் ஜெபம் சண்டையாக மாறிவிட்டது. நீர் இருக்கிறீரா இல்லையா என்று கேட்டிருக்கிறேன். கேட்டதற்கு வெட்கப்படவில்லை.

அம்மாவிடம் சொன்னேன், சபையில் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாம் என்று. அம்மா ஜோலார்பேட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை.

"இன்னா பேசற நீ? உங்கப்பா காணிக்க எடுக்கற மன்சன். அவரு பொண்ணு ஃபீஸு கட்டல, காலேஜ்ல பேர வெட்டப் போறாங்கன்னு மைக்ல சொல்லிக்கினு இருப்பாங்களா? அடுத்த வாரம் எல்லாரும் நம்ம மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"அப்ப எப்படிம்மா சொல்றது?"

"எல்லாரும் எழுதற மாதிரிதான். பேரு போடாம."

புதன்கிழமைக் கூட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போடுவோம். யாரும் பெயர் எழுத மாட்டோம். செயலர் எடுத்து வாசிப்பார்: ஒரு சகோதரரின் கடன் தீர, ஒரு சகோதரியின் கர்ப்பப்பைக் கட்டி கரைய, ஒரு குடும்பத்தில் சமாதானம் உண்டாக. நாமும் கண்ணை மூடிக்கொண்டு, அது யாராக இருக்கும் என்று ஓரக்கண்ணால் தேடிக்கொண்டே ஜெபிப்போம். அம்மாவும் அப்படியே எழுதிப் போட்டாள். 'ஒரு சகோதரியின் படிப்பில் உள்ள தடை நீங்க.' வாரா வாரம் அதே சீட்டு.

அந்தச் சீட்டுக்காக வாய்விட்டு ஜெபித்தவர் செல்வராஜ் அங்கிள். மத்திய அரசின் தணிக்கைத் துறைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். லஞ்சம் என்ற வார்த்தையையே வாயில் வைக்காதவர். அவர் ஜெபித்தால் உருக்கமாக இருக்கும். "ஆண்டவரே, அந்தப் பிள்ளை யாருன்னு எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். எவன் அதுக்குத் தடையா நிக்கானோ, அவன் மனச இளக்கும்" என்று குரல் உடைந்து ஜெபிப்பார். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து நான் ஆமென் சொல்வேன். பெற்ற தகப்பன்கூட எனக்காக இப்படி அழவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரி கடைசியில் ஸ்வப்னாவின் பெயரை நீக்கிவிட்டார்கள். ஆய்வகத்தில் வந்து தன் கண்ணாடிக் குடுவைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவற்றை ஏன் கழுவுகிறாய், அது அவர்கள் வேலை என்றேன். அடுத்து வருகிறவர்களுக்கு அழுக்காக இருக்கக் கூடாது அக்கா என்று தெலுங்கில் சொன்னாள். ஊருக்குப் போய் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் மேஜை ஒரு வாரத்தில் வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு மார்ச் கடைசி வரைதான் கெடு இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் ஒரு புதன்கிழமை. வெளியே வெயில் தாழ்ந்த நேரம். செயலர் வழக்கம்போல் வாசித்தார்: ஒரு சகோதரியின் படிப்பில் உள்ள தடை நீங்க. செல்வராஜ் அங்கிள் தொண்டையைச் சரி செய்துகொண்டார். எனக்கு அப்போது என்ன வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தச் சகோதரி நான்தான்" என்றேன். "எனக்கு ஃபீஸ் பாக்கி. இந்த மாசம் முடிஞ்சா என் பேரை எடுத்திடுவாங்க. எங்க ஃபெலோஷிப்லயே கழிச்சுக்கச் சொல்லி நாங்க எல்லாரும் சேர்ந்து ஆகஸ்டுல ஒரு மனு குடுத்தோம். நிதிப் பிரிவுல யாரு மேஜையிலயோ கிடக்குது. யாருன்னு தெரியல." பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாராவது ஜெபிப்பார்கள் என்று பார்த்தேன். செல்வராஜ் அங்கிள் ஜெபிக்கவில்லை. கடைசியில் போதகரே சுருக்கமாக ஜெபித்து முடித்துவிட்டார். அப்பா தலை நிமிரவே இல்லை.

கூட்டம் முடிந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் அங்கிள் என்னிடம் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"பிள்ளே, அந்த மனுவில உம்பேரு என்னன்னு போட்டிருக்கு?"

"வசந்தி அங்கிள். வசந்தி சாலமோன்."

"வசந்தியா நீ" என்றார். எடுத்த ஸ்கூட்டர் சாவியைத் திரும்பப் பையில் போட்டார். "அந்த ஃபைலு எங்கிட்டதாம்மா கெடக்கு."

அவர் போன வருடம் தன் துறையிலிருந்து டெபுடேஷனில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்கவில்லை. நான் எங்கே படிக்கிறேன் என்று அவரும் கேட்டதில்லை. பேபி ஏதோ பெரிய படிப்புப் படிக்கிறாள், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் கை கொடுத்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிற லட்சணம் இது. எவன் தடையாக நிற்கிறானோ அவன் மனதை இளக்கும் என்று புதன் மாலையில் அழுதவர், வியாழன் காலையில் போய் அந்தக் கோப்பின் மேல் டீ டம்ளரை வைத்திருப்பார்.

"வேணும்னு வைக்கலம்மா" என்றார். "பாக்கியில கழிக்கதுக்கு விதியில எடம் இல்ல. வெளக்கம் கேட்டு மேல எழுதுனேன். பதில் வரல. பெறவு நானும் கேக்கல."

கேட்கவில்லை. ஏழு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஸ்வப்னா போய்விட்டாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒன்னு செய்யி. உங்கேச மட்டும் தனியா ஒரு மனுவா எழுதிக் குடு. குடும்பச் சூழ்நிலைன்னு காட்டி, தவணைக்கு அனுமதி வாங்கிரலாம். இந்த வாரமே முடிச்சித் தாறேன்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "எழுதிக் குடுத்துடு பேபி. ஆண்டவரு கதவ தொறந்துக்கிறாரு. நீ நின்னுக்கினு யோசிக்கிற."

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அங்கேயே ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதித் தந்துவிடலாம் போல இருந்தது. தொலைத்த ஏழு மாதத் தூக்கம் கண்ணுக்கு எதிரே நின்றது.

"மத்தவங்க, அங்கிள்?"

"அது வரும்போது வரட்டும்மா."

அந்த வார்த்தையைக் கவுன்ட்டரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்களுக்காகவும் எங்கயாவது யாராவது அழுதுக்கினுதான் இருப்பாங்க அங்கிள்" என்றேன். "எந்தக் கோயில்லன்னுதான் எனக்குத் தெரியாது. அவங்க கோயில்ல நிதிப் பிரிவு ஆபீசர் யாரும் இல்ல போல. நான் தனியா எழுத மாட்டேன்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சொன்னது சரிதான், பேபி. ஆனா சோறு போடாது." நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைக்கு வந்ததைத் தள்ளிவிட்டேனே என்று அன்றைக்கு நான் அழுத அழுகை ஜெபத்தில் சேராது. அது வெறும் பயம்.

பிறகு நடந்ததை எனக்கு அவரே சொன்னார். அடுத்த நாள் அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மேலதிகாரியின் அறைக்குப் போயிருக்கிறார். விளக்கம் கிடைக்கும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாளும் போயிருக்கிறார். தணிக்கைத் துறையில் முப்பது வருடம் அடுத்தவர்களைக் காக்க வைத்துப் பழகியவர், கோப்போடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பெஞ்ச் எவ்வளவு கடினம் என்று தெரிந்தது என்றார். விதியில் இடம் இல்லை என்பதும், விதியில் தடை இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று அவரே ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பை அவர் ஆகஸ்டிலேயே எழுதியிருக்க முடியும்.

பாடுகளின் வாரம் தொடங்குவதற்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டது. கட்டணத்தை ஃபெலோஷிப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். அபராதம் இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் பொருந்தும். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று அதை வாசித்தேன். தரையில் உட்கார்ந்து, ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது நன்றி மட்டும்தான்.

பிறகு எழுந்து கடைசி வரியை வாசித்தேன். தற்போது பதிவேட்டில் பெயர் உள்ள மாணவர்களுக்கு மட்டும், என்று இருந்தது.

ஸ்வப்னாவுக்கு ஃபோன் செய்து நானே சொன்னேன். வேறு யார் வாயாலும் அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். நானும் சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன் அக்கா, என்றாள். உங்கள் சாமி நல்ல சாமி, என்றாள். அவள் எழுதிய மனு எனக்குப் பலித்தது. அவளுக்குப் பலிக்கவில்லை. இதற்கு விளக்கம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். ஆண்டவரிடம் நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் ஆய்வேட்டை ஜூன் மாதம் சமர்ப்பித்துவிட்டேன். அம்மா கேசரி செய்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவரை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். உடைந்து போயிருந்தவளை எழுந்து நிற்க வைத்தவர் அவர். அந்தப் புதன்கிழமை வாயைத் திறந்ததும், ஸ்கூட்டர் பக்கத்தில் முடியாது என்று சொன்னதும் என் பலத்தால் ஆனவை இல்லை. அவ்வளவு தைரியசாலி நானில்லை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இதை எழுதலாமா என்று செல்வராஜ் அங்கிளிடம் கேட்டேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டு, ஒரு சகோதரர் என்று போடட்டுமா என்றேன். "வேண்டாம் பிள்ளே, எம்பேரப் போட்டே எழுது. ஒரு சகோதரர்னு போட்டது போதும்" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாதி போயிருக்கிறது. மீதியையும் எடுத்துப்போட ஜெபியுங்கள்.

நீங்கள் ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். ஆனால் பக்கத்து வரிசையில் இருப்பவர் காதில் விழாமல் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்று நாம் நடத்தும் இந்த ஒளிவு மறைவை விட்டுவிடுங்கள். கடன் என்றால் கடன் என்று சொல்லுங்கள். ஃபீஸ் என்றால் ஃபீஸ் என்று சொல்லுங்கள். யாருக்கு என்று சொல்லுங்கள். உங்களுக்காக அழுகிறவரின் மேஜையிலேயே உங்கள் மனு கிடக்கலாம்.

போன புதன்கிழமை நான் ஒரு சீட்டுப் போட்டேன். செயலர் எடுத்து, பழக்க தோஷத்தில், "ஒரு சகோதரி மறுபடியும் படிப்பில் சேர" என்று வாசித்தார். நான் எழுந்திருக்கும் முன்பே பின்னாலிருந்து செல்வராஜ் அங்கிளின் குரல் வந்தது. "பேரு போட்டிருக்குல்லா ஐயா. பேர வாசிங்க."

செயலர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஸ்வப்னா என்று வாசித்தார்.

"மறுபடி சேத்துக்கிடச் சொல்லி அந்தப் பிள்ளையோட மனு எங்கிட்டதான் வந்திருக்கு. என் மேசையிலதான் இருக்கு" என்று அங்கிள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு அவர் ஜெபிக்காமல் உட்கார்ந்துவிட்டார். இதை எழுதும் இன்றைக்கும் அந்த மனு அங்கேதான் இருக்கிறது. அவள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், மனு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.